மின்சுற்றுப் பாடத்தில் ஃபெட் சிமுலேஷனைப் பயன்படுத்தும் முறை: தொடக்க நிலை ஆசிரியர்களுக்கான செய்முறை

பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாதையில் இணைக்கும் தொடரிணைப்பில் மின்னோட்டம் எங்கும் சமம் என்று தேர்வில் பிழையின்றி எழுதும் மாணவர்களில் பலர், முதல் பல்பு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் அடுத்த பல்பு மங்கலாகத்தான் எரியும் என்று மனத்துக்குள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வாய்பாட்டைக் கரும்பலகையில் இன்னொரு முறை எழுதுவதால் இந்த நம்பிக்கை அசைவதில்லை. அதை வெளியே கொண்டுவந்து சோதித்துப் பார்க்க ஒரு கணினியும் ஒரு புரொஜெக்டரும் ஒரு பாடவேளையும் போதும்.

இதற்கு உதவுவது, சோதனைகளைக் கணினித் திரையிலேயே செய்துபார்க்க உதவும் ஃபெட் (PhET) என்னும் இலவச சிமுலேஷன் தொகுப்பு. 2001ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 2002இல் இதைத் தொடங்கினார்.

படி 1: முன்தயாரிப்பு

ஃபெட் தளத்தில் 'சர்க்யூட் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிட்: டிசி' (Circuit Construction Kit: DC) என்பதைத் தேடி, முந்தைய நாளே கணினியில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அது ஒரே கோப்பாக வந்துவிடும். இணையம் இல்லாமலேயே பிரௌசரில் திறக்கும். மொழிபெயர்ப்புப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 2: திரை அணைந்திருக்கும்போதே கேள்வி

பாடத்தின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. அவசரப்பட்டுப் புரொஜெக்டரைப் போட்டுவிட்டால் மாணவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள். ஒரு மின்கலனையும் தொடரிணைப்பில் ஒரே மாதிரியான இரண்டு பல்புகளையும் கரும்பலகையில் வரைந்து, எது பிரகாசமாக எரியும், முதலாவதா, இரண்டாவதா, இரண்டும் சமமா என்று கேளுங்கள். கை தூக்கச் சொன்னால் நன்றாகப் படிக்கும் பிள்ளையின் கையைப் பார்த்துத்தான் மற்றக் கைகள் உயரும் என்பதால், ஒவ்வொருவரும் தம் விடையையும் அதற்கான காரணத்தையும் நோட்டில் ஒரு வரியில் எழுதட்டும். பிறகு, வேறு விடை எழுதிய பக்கத்து மாணவரிடம் இரண்டு மூன்று நிமிடம் வாதாடச் சொல்லி, விருப்பமிருந்தால் விடையை மாற்றிக்கொள்ளவும் அனுமதியுங்கள். ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரவலாக்கிய முறை இது. இந்த நேரத்தில் வகுப்பு இரைச்சலாக இருக்கும், இருக்கட்டும். சரியான விடையை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

படி 3: மின்சுற்றை அமைத்தல்

இப்போது புரொஜெக்டரைப் போட்டு, கணினியை ஒரு மாணவரிடம் கொடுத்துவிடுங்கள். 9 வோல்ட் மின்கலன், 10 ஓம் மின்தடை கொண்ட இரண்டு பல்புகள், கம்பிகள் ஆகியவற்றை இழுத்து இணைத்தவுடன் இரண்டு பல்புகளும் ஒரே அளவில் எரியும். நீல நிற எலக்ட்ரான்கள் எதிர்முனையிலிருந்து நேர்முனைக்கு நகர்வது திரையில் தெரியும். பாடநூலில் மின்னோட்டத்தின் திசை இதற்கு நேரெதிராகக் குறிக்கப்படுவதால், மரபுத் திசையைக் காட்டும் தெரிவையும் இயக்கிக் காட்டிவிடுவது நல்லது.

படி 4: அளந்து பார்த்தல்

கண்ணால் பார்த்தது மட்டும் போதாது. அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னும், இரண்டு பல்புகளுக்கு இடையிலும், இரண்டாவது பல்புக்குப் பின்னும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். மூன்று இடங்களிலும் 0.45 ஆம்பியர்தான் காட்டும். 'முதல் பல்பு தின்றுவிடும்' என்று எழுதியவர் தம் நோட்டை எடுத்து, பிசகிய இடம் எது என்பதைத் தாமே எழுதட்டும். ஒவ்வொரு பல்பின் குறுக்கேயும் வோல்ட்மீட்டரை வைத்தால் 4.5 வோல்ட் காட்டும்; பல்புகளுக்கிடையே பங்கிடப்படுவது மின்னோட்டமன்று, மின்னழுத்தமே என்பது இப்போது விளங்கும்.

ஒவ்வொரு பல்பையும் தனித்தனிப் பாதையில் மின்கலனோடு இணைக்கும் பக்க இணைப்புக்கும் இதே வரிசைதான்: முதலில் கேள்வி, பிறகு திரை. ஒவ்வொரு பல்பிலும் 0.9 ஆம்பியர் பாயும், மின்கலனிலிருந்து 1.8 ஆம்பியர் வெளிவரும்.

படி 5: உண்மையான பல்புகள்

திரையோடு நிறுத்திவிட வேண்டாம். மின்கலனின் இரு முனைகளையும் பல்பு இல்லாமல் கம்பியால் நேரடியாக இணைக்கும் குறுக்குச்சுற்றில் திரையிலுள்ள மின்கலன் தீப்பிடித்து எரிவதைப் பிள்ளைகள் ரசிப்பார்கள். அதை வீட்டு மின்சாரத்தில் செய்துபார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, டார்ச் மின்கலன்களையும் சிறிய இழை பல்புகளையும் மேசைக்குக் கொண்டுவாருங்கள். திரையில் உள்ள பல்பின் மின்தடை மாறுவதில்லை. உண்மையான இழையோ சூடேறும்போது மின்தடை கூடும். ஆகவே தொடரிணைப்பில் குறைவாகச் சூடேறும் பல்புகளின் வழியே, ஒற்றைப் பல்பில் பாய்ந்ததன் பாதியைவிடச் சற்று அதிகமான மின்னோட்டமே பாயும்.

கடையில் வாங்கிய இரண்டு பல்புகள் ஒரே அளவில் எரியாமலும் போகலாம். 'பார்த்தீர்களா, நான் சொன்னதுதான் சரி' என்று யாராவது கிளம்பினால், பல்புகளை இடம் மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள். பிரகாசமாக எரிந்த பல்பு புதிய இடத்திலும் அப்படியே எரிந்தால், காரணம் அது இருக்கும் இடமா, அதன் மின்தடையா என்பதை அந்த மாணவரே வகுப்புக்கு விளக்கட்டும்.