ஃப்ளாஷை எங்கே வைப்பது? கையில் பிடித்தபடி மேக்ரோ எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

பளபளக்கும் கறுப்பு வண்டு ஒன்று. படத்தில் பார்த்தால் முதுகில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு, உடம்பின் கீழ்ப்பாதி முழுக்க இருட்டு, கால்கள் இருக்கும் இடமே தெரியவில்லை. நான் எடுத்த முதல் ஐம்பது அறுபது மேக்ரோ படங்கள், அதாவது சின்னப் பொருளை மிக நெருங்கிப் பெரிதாகக் காட்டும் படங்கள், இப்படித்தான் வந்தன. லென்ஸ் சரியில்லை என்று நினைத்தேன். அப்புறம், இன்னும் பெரிய ஃப்ளாஷ் வாங்கினால் சரியாகும் என்று நினைத்தேன். இரண்டுமே தப்பு. கேமராவின் உச்சந்தலையில் உட்கார்ந்திருந்த அதே ஃப்ளாஷை லென்ஸின் மூக்கு நுனிக்கு இறக்கியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. மீதிப் பாதியைத் தீர்த்தது ஒரு துண்டு வெள்ளை ஃபோம்.

பக்கத்தில் கொண்டுவருவது ஏன்?

பூச்சியின் உண்மையான நீளம் எவ்வளவோ அதே நீளத்துக்கு சென்சாரில் விழும்படி எடுப்பதை 1:1 என்கிறோம். அந்த நெருக்கத்தில் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, எஃப் 11 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் ஃபோகஸுக்குள் அடங்கும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அதனால் அப்பர்ச்சரைச் சுருக்காமல் முடியாது. சுருக்கினால் வெளிச்சம் போதாது. போதாக்குறைக்கு, 1:1-ல் ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் வெளிச்சம் தானாகவே குறைந்துவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). நீங்கள் வைத்த எஃப் 11, எஃப் 22 போல நடந்துகொள்ளும்.

இந்தப் பள்ளத்தை ஃப்ளாஷ் நிரப்புகிறது. கூடவே கை நடுக்கத்தையும் அதுதான் மறைக்கிறது. பெரும்பாலான ஸ்பீட்லைட்டுகளை (கேமரா தலையில் மாட்டும் ஃப்ளாஷ்) 1/16 பவரில் வைத்தால் ஒளி மின்னி மறைவது 1/5000 நொடியை ஒட்டித்தான் இருக்கும். ஃபுல் பவரில் அது பல மடங்கு நீளும், நடுக்கம் படத்தில் தெரிந்துவிடும். ஆக, பவர் குறைவாக இருக்க வேண்டும், ஆனால் வெளிச்சம் போதுமானதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் நடக்க ஒரே வழி தூரத்தைக் குறைப்பது. 30 செ.மீ. தள்ளியிருந்த ஃப்ளாஷ் 15 செ.மீ.க்கு வந்தால் வெளிச்சம் நான்கு மடங்காகும். 1/4 பவர் கேட்ட படம் 1/16-லேயே கிடைத்துவிடும்.

என்னென்ன வேண்டும்

மேனுவல் ஃப்ளாஷ் ஒன்று போதும். மேக்ரோவில் ஃப்ளாஷுக்கும் பூச்சிக்கும் உள்ள தூரம் பெரிதாக மாறப்போவதில்லை என்பதால் டிடிஎல் (ஃப்ளாஷ் அளவைக் கேமராவே கணிக்கும் வசதி) இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கேமராவையும் ஃப்ளாஷையும் இணைக்கச் சுருள் கேபிளோ ரேடியோ ட்ரிகரோ எதுவானாலும் சரி. என் ஓட்டு கேபிளுக்கு: அதற்குத் தனியாக பேட்டரி போட வேண்டியதில்லை. ஒரே குறை, செடியில் மாட்டிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. ஃபிலிம் காலத்துப் பழைய ஃப்ளாஷ் யாராவது சும்மா கொடுத்தால் உடனே கேமராவில் மாட்டிவிடாதீர்கள். அவற்றில் சில, ட்ரிகர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கும். இன்றைய கேமரா அதைத் தாங்காமல் போகலாம். மல்டிமீட்டரில் அளந்து, கேமரா கையேட்டில் சொன்ன வரம்போடு ஒப்பிட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

படி 1: பூச்சி வேண்டாம், கரண்டி போதும்

முதல் நாளே தோட்டத்துக்கு ஓடாதீர்கள். ஒரு ஸ்டீல் ஸ்பூனைக் கவிழ்த்து வையுங்கள். அதன் முதுகும் வண்டின் முதுகும் வெளிச்சத்துக்கு ஒன்றுதான்: வளைவு, பளபளப்பு, எதிரே இருப்பதையெல்லாம் அப்படியே காட்டிக்கொடுக்கும் குணம். பக்கத்தில் ஒரு பழைய ஸ்க்ரூவையும் போடுங்கள். நிழல் எங்கே விழுகிறது என்று அதன் மரை சொல்லிவிடும்.

கேமராவை மேனுவலில் வைத்து ஐஎஸ்ஓ 200, எஃப் 11, ஷட்டர் 1/160. ஃப்ளாஷ் 1/16. ஷட்டரை இதைவிட வேகமாக வைக்க ஆசை வரும். கேமராவின் சிங்க் ஸ்பீடை, அதாவது ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகத்தை, தாண்டினால் படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். பல கேமராக்களில் அந்த எல்லை 1/160-லிருந்து 1/250 வரைதான்.

படி 2: லென்ஸின் வாயைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள்

இப்போது ஃப்ளாஷைக் கையில் பிடித்து, இடத்தை மாற்றி மாற்றி ஒவ்வொரு படம் எடுங்கள்.

முதலில் 12 மணி. லென்ஸுக்கு நேர் மேலே, ஃப்ளாஷின் முகம் லென்ஸ் விளிம்பைவிட இரண்டு மூன்று செ.மீ. முன்னே நீண்டு, ஏறத்தாழ 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். வெயில் மேலிருந்து வருவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது இயல்பாகத் தெரியும். தொடங்குபவர்கள் ஒரு மாதம் இந்த இடத்தைவிட்டு நகரவே வேண்டாம் என்பேன்.

அதே 12 மணியில் ஃப்ளாஷைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். லென்ஸ் விளிம்பின் நிழல் கரண்டியின் கீழ்ப்பக்கம் பிறைபோல வந்து விழும். கேமரா தலையில் ஃப்ளாஷை வைத்து எடுத்தவர்களின் படங்களில் இருக்கும் இருட்டு பெரும்பாலும் இந்த நிழல்தான். ரொம்ப முன்னே தள்ளினால் வேறு கதை: வெளிச்சம் பொருளின் பின்பக்கம் போய்விடும், நம் பக்கம் இருட்டும். வண்டுக்கு இது ஆகாது. தும்பியின் இறகுக்கும் மெல்லிய இலைக்கும் இதுவே அழகு. நரம்பு நரம்பாகத் தெரியும்.

அடுத்து 10 மணி. ஒரு பக்கம் லேசான நிழல் விழுந்து உருவத்துக்குத் திரட்சி வரும். 9 மணி, அதாவது முழுப் பக்கவாட்டு, சொரசொரப்பைத் தூக்கிக் காட்டும். ஸ்க்ரூவின் மரையில் பார்த்தால் புரியும். ஆனால் எதிர்ப்பக்கம் கரியாகிவிடும். 3 மணியில் ஒரு வெள்ளை அட்டையை நீட்டினால் சரியாகும். 6 மணியை ஒருமுறை எடுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டு மறந்துவிடுங்கள், முகத்துக்குக் கீழே டார்ச் அடித்துப் பயமுறுத்தும் வெளிச்சம் அது.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இந்த நெருக்கத்தில் சின்ன நகர்வும் பெரிய மாற்றம். 10 செ.மீ. 13 ஆனால் முக்கால் ஸ்டாப் போய்விடுகிறது. அதனால்தான் கையில் பிடிப்பது பழக மட்டும். நிரந்தர ஏற்பாடு வேறு வேண்டும்.

படி 3: வெளிச்சத்தைப் பரப்புவது

கரண்டி முதுகில் ஃப்ளாஷின் வடிவம் கூர்மையான வெள்ளைக் கட்டமாகத் தெரிகிறதா? வண்டின் முதுகில் வந்த பொட்டு இதுதான். பார்சலில் பொருளைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோமை எடுத்து ஃப்ளாஷ் முன் பிடியுங்கள். ட்ரேசிங் பேப்பரும் ஆகும்.

இங்கேதான் பலரும் கோட்டைவிடுவார்கள். ஃபோமை ஃப்ளாஷ் முகத்தோடு ஒட்டி வைத்தால் பயன் ரொம்பக் குறைவு. ஒளி பரவ இடமில்லை. நடுவில் பளீர், ஓரத்தில் மங்கல் என்று டார்ச் வட்டம்போலத் தெரியும். ஃப்ளாஷுக்கும் ஃபோமுக்கும் நடுவே ஐந்தாறு செ.மீ. இடைவெளி விட்டு, ஃபோம் பூச்சிக்கு எவ்வளவு கிட்டே வர முடியுமோ அவ்வளவு கிட்டே வரட்டும். பூச்சியின் இடத்திலிருந்து பார்த்தால் வானமே வெள்ளையாக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. கரண்டியில் வெள்ளைத் திட்டின் ஓரம் மெதுவாகக் கரைகிறது என்றால் வேலை முடிந்தது. இல்லையென்றால் இன்னொரு தாளை, முதலாவதிலிருந்து ஒரு விரல் தள்ளி, சேருங்கள்.

இந்த இடைவெளிக்குக் கூடு செய்ய, சிப்ஸ் வரும் உருளை டப்பா ஒன்று போதும். உள்ளே ஏற்கெனவே வெள்ளிப் பூச்சு இருக்கும். ஒரு முனையில் ஃப்ளாஷ், மறுமுனையைச் சாய்வாக வெட்டி ஃபோம்.

படி 4: கேமராவோடு கட்டுவது

தட்டையான அலுமினியப் பட்டை ஒன்றை எல் வடிவில் வளைத்து, கேமராவின் அடியில் ட்ரைபாட் திருகு துளையில் 1/4 அங்குல ஸ்க்ரூவால் இறுக்குங்கள். மறுமுனையில், எந்தப் பக்கமும் திருப்பி இறுக்கக்கூடிய சின்ன பால் ஹெட். அவ்வளவுதான் பிராக்கெட். அதுவும் வேண்டாம் என்றால் ஃப்ளாஷை லென்ஸ் மேலேயே படுக்கவைத்து வெல்க்ரோ பட்டையால் கட்டலாம். ஃபோகஸ் செய்யும்போது நீளும் லென்ஸ் என்றால் நீளும் பகுதியில் கட்டாதீர்கள், பாரம் மோட்டாரைக் கெடுக்கும்.

பிராக்கெட்டின் உண்மையான லாபம் இடது கை விடுபடுவது. அந்தக் கையால் பூச்சி இருக்கும் காம்பைப் பிடித்து, லென்ஸின் முனையை அதே கையின் மேல் சாய்த்துக்கொள்ளுங்கள். இப்போது காற்று அடித்தால் பூச்சியும் லென்ஸும் சேர்ந்தே ஆடும், இடைவெளி மாறாது. ஃபோகஸ் மேனுவலில், வேண்டிய அளவில் நிலையாக இருக்கட்டும். வளையத்தைத் திருக்காமல் உடம்பை முன்னும் பின்னும் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி, கண் தெளிந்த நொடியில் அழுத்துங்கள். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும்.

பின்னணி கறுப்பாக வந்தால்

அது உங்கள் தப்பு அல்ல. 10 செ.மீ.யில் இருக்கும் பூச்சிக்குக் கிடைக்கும் ஒளியில் நூறில் ஒரு பங்குதான் ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் செடிக்குப் போகிறது. பூச்சிக்குப் பின்னால் ஐந்தாறு செ.மீ.யில் ஒரு இலை வருமாறு கோணத்தை மாற்றினால் பச்சை வந்துவிடும். ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றி ஷட்டரை மெதுவாக்குவது இன்னொரு வழி. ஆனால் பகல் வெளிச்சமும் படத்தில் பதியத் தொடங்கினால் கை நடுக்கம் பூச்சியைச் சுற்றி ஆவிபோல ஒரு நிழல் விடும். நான் இலையைத்தான் தேடுவேன்.

குதிக்கும் சிலந்தியை முதலில் தேடிப் பாருங்கள். ஓடாமல் திரும்பி நின்று உங்களையே பார்க்கும். படத்தைப் பெரிதாக்கி அதன் பெரிய கண்கள் இரண்டையும் பாருங்கள்: உங்கள் ஃபோம் எங்கே இருந்தது, எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று கரண்டி காட்டியது எல்லாம் அந்தக் கண்ணில் இருக்கும். வெள்ளைத் திட்டு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் பால் ஹெட்டைத் தளர்த்தி, ஒரு விரலகலம் நகர்த்தி, இன்னொன்று எடுங்கள்.