கடிகாரம் பின்தங்கியதால் முடங்கிய வழங்கி: என் அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு மச்சில், ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகை ஒன்றில் டெபியன் இயங்குதளமும், டிஎன்எஸ் தேடலுக்கான (தளப் பெயருக்குரிய முகவரியைக் கண்டறியும்) அன்பவுண்ட் மென்பொருளும் ஓடுகின்றன. ஐப்பசி இடிமழையில் வீட்டு பிரேக்கர் விழுந்து, நாங்கள் ஊரில் இல்லாததால் 15 நாள் அணைந்தே கிடந்த அந்தப் பெட்டி, மீண்டும் எழுந்தபோது எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டாலும் 'சர்வ்ஃபெயில்' (தேடல் தோல்வி) என்றே பதில் தந்தது. ரௌட்டரைக் குறைசொல்லி ஒரு மாலையை வீணடித்த பிறகே, தேதியைக் காட்டும் 'டேட்' கட்டளையை இட்டுப் பார்க்கத் தோன்றியது. தேதி 15 நாள் பின்தங்கியிருந்தது.

இந்தப் பலகையில் பேட்டரியுடன் கூடிய கடிகாரம் கிடையாது. ஆகவே, கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே அது தொடங்குகிறது. அந்தப் பழைய தேதியின்படி டிஎன்எஸ் பதில்கள் போலியல்ல என்று உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் கையொப்பங்களின் செல்லுபடிக் காலம் இன்னும் தொடங்கவில்லை என்று கருதி, அன்பவுண்ட் அவற்றை நிராகரித்தது. வலைவழியே சரியான நேரத்தைத் தந்து கடிகாரத்தைத் திருத்த வேண்டிய என்டிபி வழங்கியின் முகவரியை அறியவும் அதே அன்பவுண்டைத்தான் கேட்க வேண்டும் என்பதுதான் வேடிக்கை.

முதலில் தேதியைக் கையால் திருத்தினேன். உடனே எல்லாம் இயங்கின. பின்னர் பேட்டரியுடன் கூடிய டிஎஸ்3231 கடிகாரச் சில்லைப் பலகையின் ஐ2சி முனைகளில் (துணைச் சில்லுகளை இணைக்கும் முனைகள்) இணைத்து, தொடக்க அமைப்புக் கோப்பில் அந்தச் சில்லை அடையாளம் காட்டும் ஓவர்லே வரியைச் சேர்த்து, கடைசி நேரத்தைச் சேமித்துவந்த போலிக் கடிகாரப் பொதியை நீக்கினேன். மின்னிணைப்பையும் வலைக்கம்பியையும் ஓரிரவு பிடுங்கி வைத்துச் சோதித்தேன். காலையில், வலைக்கம்பியைச் செருகுவதற்கு முன்பே, நேரம் சரியாக இருந்தது.