பி வகை டயலில் ஒரு பைலட் வாட்ச்: முட்களைப் பொருத்துவது எப்படி?

1941-ல் ஜெர்மன் விமானப்படைக்காக வந்த 'பி' வகை டயலில் நிமிட எண்கள் பெரிதாக வெளிவட்டத்திலும், மணி எண்கள் சிறிதாக உள்வட்டத்திலும் இருக்கும். உச்சியில் முக்கோணம், அதன் இருபுறமும் இரண்டு புள்ளிகள். விமானத்தில் வழி கணிப்பவருக்கு நிமிடமும் விநாடியும்தான் உயிர். அசல் வாட்ச் 55 மி.மீ. இருந்தது, நமக்கு 40 மி.மீ. கேஸ் (வெளிக்கூடு) போதும்.

தேவை: சீக்கோ என்எச்38 மூவ்மென்ட் (வாட்சை ஓட்டும் இயந்திரம்; தேதி கிடையாது, அசலிலும் இல்லை), 28.5 மி.மீ. டயல், 1.50 / 0.90 / 0.20 மி.மீ. துளையுள்ள மூன்று முட்கள், முள் அழுத்தி, ட்வீசர், லூப் (கண்ணில் வைக்கும் உருப்பெருக்கி), ஊதுபை, விரலுறை, மூவ்மென்ட் தாங்கி. மணி முள்ளின் நுனி உள்வட்டத்தோடு நிற்க வேண்டும். நீண்ட முள் வாங்கினால் நிமிட எண்களில் ஏறி, டயலின் நோக்கமே கெடும்.

படி 1: டயலின் அடியில் நான்கு கால்கள் இருந்தால், கிரவுன் (சாவி கொடுக்கும் திருகு) 3 மணிப் பக்கம் வரும்படி அமையும் இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றை வெட்டுங்கள். டயலை மூவ்மென்ட்டின் மேல் நேராக அழுத்துங்கள், சாய்த்தால் கால் வளையும்.

படி 2: மணி முள்ளை முக்கோணத்தின் நுனிக்கு நேராக வைத்து, டயலுக்கு இணையாக அழுத்துங்கள். அதே இடத்தில் நிமிட முள். இப்போது கிரவுனை இழுத்து 12 மணி நேரமும் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு மணியிலும் நிமிட முள் உச்சிக்கு வரும்போது மணி முள் சரியாக அந்த எண்ணில் நிற்க வேண்டும். அரை மணி தள்ளி நின்றால் கழற்றி மீண்டும் வையுங்கள். 'பழகிவிடும்' என்று விடாதீர்கள்.

படி 3: விநாடி முள்தான் பொறுமையைச் சோதிக்கும். அதன் குழாய் அச்சின் மேல் உட்கார்ந்ததை லூப்பில் பார்த்த பிறகே அழுத்துங்கள். உட்காராமல் அழுத்தினால் அச்சு வளையும். அதை நிமிர்த்த முடியாது. மூன்று முட்களுக்கும் இடையே வெளிச்சம் தெரிய வேண்டும்.

படி 4: மூவ்மென்ட்டைக் கேஸில் வைத்து, ஸ்டெம்மை (கிரவுனின் தண்டு) அரை மி.மீ. அரை மி.மீ. ஆக வெட்டி, ஒவ்வொரு முறையும் கிரவுன் கேஸோடு ஒட்டுகிறதா பாருங்கள். அதிகம் வெட்டினால் புது ஸ்டெம்தான். நீளமாக விட்டால் இடைவெளியில் ஈரம் புகும்.

ஊதுபையால் தூசி நீக்கி மூடி, முழுச் சாவி கொடுத்து ஒரு நாள் ஓட்டுங்கள். சீக்கோ சொல்லும் வரம்பு நாளுக்கு −20 முதல் +40 விநாடி. நிமிடக்கணக்கில் முந்தினால் பெரும்பாலும் மயிர்ச்சுருளில் (வேகத்தைச் சீராக்கும் மெல்லிய சுருள்வில்) காந்தம் ஏறியிருக்கும். காந்தநீக்கியில் காட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.