ஏற்றத்தாழ்வையும் கலவரத்தையும் இணைத்துப் படிப்பது எப்படி?

வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீட்டை மட்டும் பார்த்து, ஒரு நாட்டில் கலவரம் வருமா வராதா என்று கணித்துவிடாதீர்கள். சிலியில் 1990-க்குப் பிறகு வறுமை வெகுவாகக் குறைந்தது, கினியும் சற்று இறங்கியது. ஆனாலும் 2019 அக்டோபரில் தலைநகர் சாந்தியாகோ மெட்ரோவின் நெரிசல் நேரக் கட்டணம் 800 பெசோவிலிருந்து 830 ஆனதும், மாணவர்கள் நுழைவுத் தடுப்புகளைத் தாண்டிக் குதிக்க, சில நாட்களிலேயே ரயில் நிலையங்கள் எரிந்து, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஆகவே முதலில் வீட்டுச் செலவுக் கணக்கைப் பாருங்கள்: ஓய்வூதியம், மருத்துவம், கல்விக் கடன் ஆகியவற்றின் சுமை யார் தலையில் விழுகிறது? அடுத்து, தெருவில் எழுந்த முழக்கத்தைக் கேளுங்கள். ‘30 பெசோ அல்ல, 30 ஆண்டுகள்’ என்பது, அதாவது கோபம் கட்டண உயர்வின் மீதல்ல, 1990-க்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளின் மீது என்பது, என் பார்வையில், எந்தப் புள்ளிவிவரத்தையும் விடத் தெளிவானது. கலவரமும் கொலைக் குற்றமும் ஒன்றல்ல என்பதால், கொலை விகிதத்தைத் தனியே வைத்துப் பாருங்கள்: ஏற்றத்தாழ்வு மிகுந்திருந்தும் அன்றைய சிலியில் அது பிரேசிலைவிட மிகக் குறைவு.