கசிந்த டீசல் மண்ணுக்கடியில் எந்தப் பக்கம் போகிறது? மூன்று குழாய் இறக்கிக் கண்டுபிடிக்கலாம்

அம்பத்தூர் பக்கம் ஒரு பழைய பட்டறை. ஜெனரேட்டருக்காகப் புதைத்த டீசல் தொட்டி கசிகிறது என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். 2013-ல் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாய் கசிந்து வீட்டு போர்வெல்லில் எரிபொருள் வந்ததை மறக்காதவர்களுக்கு அவர்களுடைய கவலை புரியும்.

கேபிள் போகும் வழி, கையுறை, பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. நேராக வேலைக்கு வருவோம்.

1. மண்ணைப் பாருங்கள். கை ஆகரால் (கையால் திருகித் துளையிடும் கருவி) தோண்டி, அரை மீட்டருக்கு ஒரு பிடி மண் எடுங்கள். ஜிப் பையில் பாதி நிரப்பி, கட்டியை உடைத்து, பத்து நிமிடம் விட்டு, பிஐடி மீட்டரின் (எரிபொருள் ஆவியை அளக்கும் கருவி) முனையைச் செருகி, காட்டும் அதிகபட்ச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்கு இது அருமையான கருவி. டீசல் அவ்வளவாக ஆவியாகாது என்பதால் எண் குறைவாகத்தான் வரும், அதை நம்பி "சுத்தம்" என்று எழுதிவிடாதீர்கள். டீசலுக்கு என் ஓட்டு எண்ணெயில் கரையும் சிவப்புச் சாயமான சூடான் சாயத்துக்குத்தான். ஒரு ஸ்பூன் மண், கொஞ்சம் தண்ணீர், சிட்டிகை சாயம் போட்டுக் குலுக்கினால், எண்ணெய் இருக்கும் இடம் சிவக்கும். கையுறை இல்லாமல் அந்தச் சாயத்தைத் தொடாதீர்கள்.

2. நிலத்தடி நீரைத் தொடும் ஆழத்துக்கு மூன்று குழாய் இறக்குங்கள். ஒரே நேர்கோட்டில் வேண்டாம், முக்கோணமாக. குழாயின் துளைப்பகுதி நீர்மட்டத்துக்கு மேலேயும் ஒரு மீட்டராவது இருக்கட்டும். இல்லாவிட்டால் மிதக்கும் டீசல் உள்ளே வர வழியில்லை. இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு வாருங்கள்.

3. அளப்பது. நான் சறுக்கியது இங்கேதான்.

முதலில் மூன்று குழாய்களின் வாய்மட்டத்தை ஜிபிஎஸ்ஸில் எடுத்தேன். அது மீட்டர் கணக்கில் தாவுகிறது, நமக்கு வேண்டியதோ சென்டிமீட்டர். கடைசியில் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார்தான் "டியூப் லெவல் இருக்கு, தரட்டுமா சார்?" என்று கேட்டு, மட்டம் பார்க்கும் அந்தத் தண்ணீர்க் குழாயைக் கொடுத்துக் காப்பாற்றினார். தொட்டிக்கு அருகிலுள்ள அ குழாயின் வாயை 10.00 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆ 10.12, இ 9.95.

ஆழம் பார்க்க, எண்ணெய் எங்கே, தண்ணீர் எங்கே என்று காட்டும் விலை உயர்ந்த இன்டர்ஃபேஸ் புரோப் வாங்க வேண்டியதில்லை. பெட்ரோல் பங்கில் டிப் ராடில் தடவுவார்களே, அந்த வாட்டர் பேஸ்ட்டை இரும்பு டேப்பில் தடவி இறக்குங்கள். தண்ணீர் பட்ட இடத்தில் நிறம் மாறும், அதற்கு மேல் டேப் நனைந்திருப்பது டீசல்.

குழாய் வாயிலிருந்து மீட்டரில் அளந்தால், ஆ-வில் தண்ணீர் 3.35, இ-யில் 3.23. அ-வில் டீசல் 3.10-ல் தொடங்கி, தண்ணீர் 3.40-ல். நான் அப்படியே 10-லிருந்து 3.40-ஐக் கழித்து 6.60 என்று போட்டேன். மற்ற இரண்டும் 6.77, 6.72. அதாவது நிலத்தடி நீர் டீசல் தொட்டியை நோக்கி ஓடுகிறதாம்! அந்த அம்புக்குறியை நம்பி எதிர்ப்பக்கம் நான்கு குழி தோண்டினோம். நான்கிலும் சுத்தமான மண்.

மேலே நிற்கும் 30 சென்டிமீட்டர் டீசல் தன் எடையால் தண்ணீரைக் கீழே அழுத்திவைத்திருக்கிறது. தண்ணீரை 1 என்று வைத்தால் டீசலின் அடர்த்தி தோராயமாக 0.84. அதனால் 0.30 × 0.84 = 0.25. இதை 3.40-லிருந்து கழித்தால் 3.15, ஆக அ-வின் உண்மை மட்டம் 6.85. மூன்று குழாய்களில் அதுதான் மிக உயரம். அம்புக்குறி அப்படியே திரும்பிவிட்டது.

4. வரையுங்கள். அதிக மட்டமான அ-வையும் குறைந்த மட்டமான இ-யையும் கோட்டால் இணையுங்கள். அந்தக் கோட்டில் 6.77 வரும் இடத்தைக் குறித்து, அங்கிருந்து ஆ-வுக்கு ஒரு கோடு. அதற்குச் செங்குத்தாக, தாழ்ந்த பக்கம்தான் ஓட்டம். அந்தத் திசையில் ஐந்து மீட்டருக்கு ஒரு குழி, சுத்தமான மண் வரும்வரை. விளிம்பில் எடுத்த மாதிரிகளை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் செலவு குறையும். நான் கிராஃப் தாளில்தான் வரைகிறேன். நாலைந்து புள்ளியை வைத்துக்கொண்டு மென்பொருள் போடும் வண்ண வளையங்கள் பார்க்க அழகு, அவ்வளவுதான்.

பிற்சேர்க்கை: "மண்ணில் வாடை தூக்குகிறது, குழாயில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லையே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். எப்போது அளந்தீர்கள் என்றேன். மார்கழியில் என்றார். அப்புறமென்ன, மழையில் நீர்மட்டம் ஏறி டீசல் மண் இடுக்குகளில் மூழ்கிச் சிக்கிக்கொண்டிருக்கும். சித்திரையில் மட்டம் இறங்கியதும் மறுபடி டேப்பை இறக்கச் சொல்லியிருக்கிறேன்.