‘போல’ வந்தாலே உவமை அணியா? அணி இலக்கணத்தில் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

‘இக்குறளில் பயின்று வந்துள்ள அணியை விளக்குக’ என்று கேள்வி வந்தால், ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பல பிள்ளைகள் குறளைப் படிப்பதே இல்லை. ‘போல’ எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள். இருந்தால் உவமை அணி, இல்லாவிட்டால் உருவக அணி, முடிந்தது வேலை. இந்தக் குறுக்குவழி பல நேரம் பலித்தும்விடுகிறது. அதனால்தான் இதை விடவைப்பது கடினம்.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும் இடத்தைப் பாருங்கள்:

போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
‘வாரல்’ என்பனபோல் மறித்துக்கை காட்ட

‘போல்’ கண்ணுக்கு நேரே நிற்கிறது. ஆனால் இது தற்குறிப்பேற்ற அணி. மதில்மேல் கட்டிய கொடி காற்றில் அசைவது தினமும் நடப்பது. அதை ‘வராதீர்கள்’ என்று கைகாட்டித் தடுப்பதாக இளங்கோவடிகள் தம் குறிப்பை அதன்மேல் ஏற்றிச் சொல்கிறார். கொடியின் நிறமோ வடிவமோ இங்கே பேச்சே இல்லை. மதுரைக்குள் கோவலனுக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கொடி வயிற்றைக் கலக்கும். ஆகவே ‘போல’ மாதிரியான உவம உருபைத் தேடும் முன் ஒரு கேள்வி: இயல்பாக நடக்கிற ஒன்றுக்குக் கவிஞர் தாமாகக் காரணம் கற்பிக்கிறாரா? ஆம் என்றால் ‘போல்’ இருந்தாலும் அது உவமை அணி ஆகாது.

‘தேவர் அனையர் கயவர் அவரும்தாம் மேவன செய்தொழுக லான்’ என்ற குறளிலும் இதே பொறிதான். ‘அனையர்’ என்று ஒப்புமை வருகிறது. கயவரைத் தேவரோடு சேர்த்துப் புகழ்வதுபோல் இருக்கும். தம் இஷ்டத்துக்கு நடப்பவர்கள் என்ற காரணத்தைச் சொன்னதும் புகழ்ச்சி இகழ்ச்சியாகிவிடுகிறது. வஞ்சப்புகழ்ச்சி அணி. வள்ளுவரின் குறும்பு புரியாமல் இதற்கு உவமை அணி என்று எழுதினால் மதிப்பெண்ணோடு சிரிப்பும் போய்விடும்.

சரி, உண்மையிலேயே உவமை அணி வந்த இடத்திலாவது விளக்கம் சரியாக வருகிறதா? ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை.’ ‘வள்ளுவர் இகழ்வாரை நிலத்துக்கு ஒப்பிடுகிறார்’ என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு. தலைகீழ்! தோண்டுகிறவருக்கு இணை இகழ்கிறவர். தாங்குகிற நிலத்துக்கு இணை, பொறுத்துக்கொள்கிறவர். யார் யாருக்கு இணை என்று இரண்டு ஜோடியாக எழுதிப் பார்த்துவிட்டு, ‘தாங்குதல்’, ‘பொறுத்தல்’ என்ற பொதுத்தன்மையையும் சேர்த்தால்தான் விளக்கம் நிறைவாகும். உவமானம் (ஒப்பாகக் காட்டுவது), உவமேயம் (ஒப்பிடப்படுவது), உவம உருபு என்று தலைப்பு மட்டும் போட்டு வைப்பது விளக்கம் இல்லை.

அடுத்தது, ஆண்டுதோறும் குழப்பும் உவமை, உருவகம். ‘தேன்தமிழ்’ உவமை, ‘தமிழ்த்தேன்’ உருவகம். ‘மலர்விழி’ உவமை, ‘விழிமலர்’ உருவகம். எது முன்னால், எது பின்னால் என்று மனப்பாடம் செய்கிறவர்கள் தேர்வு அறையில் மாற்றிப் போடுவார்கள். மனப்பாடத்துக்குப் பதில் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘தேன்தமிழ் பேசினாள்’ என்கிறோம். பேசுவது தமிழை. அதாவது தமிழ் தமிழாகவே இருக்கிறது, தேன் வெறும் ஒப்புக்கு வந்தது. ‘தமிழ்த்தேன் பருகினாள்’ என்னும்போது பருகுவது தேனை. தமிழே தேனாகிவிட்டது. ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்’ என்ற குறளிலும் அப்படியே: பிறவியை யாரும் நீந்த முடியாது, கடலைத்தான் நீந்தலாம். ஆகவே அது உருவகம். அங்கே இன்னொரு நுணுக்கமும் உண்டு. பிறவியைக் கடலாக்கியவர், இறைவன் அடியைத் தெப்பமாக்கவில்லை. ஒன்றை உருவகித்து, அதோடு சேர்ந்த மற்றொன்றை உருவகிக்காமல் விட்டால் ஏகதேச உருவக அணி.

எடுத்துக்காட்டு உவமையும் பிறிது மொழிதலும் குழம்பினால், குறளில் பாதியைக் கையால் மூடிப் பார்க்கலாம். ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ என்பதை மூடினாலும் ‘மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு’ என்று சொல்ல வந்த கருத்து மிச்சம் இருக்கிறது. இரண்டும் இருந்து, நடுவே உருபு மட்டும் மறைந்திருந்தால் எடுத்துக்காட்டு உவமை. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்’ என்பதில் எதை மூடினாலும் மிஞ்சுவது வண்டிதான். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும். சொல்ல வந்த கருத்து குறளுக்குள் இல்லை, ஆகவே இது பிறிது மொழிதல். ‘வலியறிதல்’ என்ற அதிகாரத் தலைப்பைப் பார்த்து நாம்தான் பிடிக்க வேண்டும். எளியவர்கள்தானே என்று பலரைப் பகைத்துக்கொள்பவனுக்கு விடும் எச்சரிக்கை இது. அதிகாரப் பெயரைப் படிக்காதவர்கள் இதை வண்டியைப் பற்றிய குறள் என்றே எழுதிவிடுகிறார்கள்.

ஒப்பீடு எதுவுமே இல்லாவிட்டால் அணியே இல்லை என்று விட்டுவிடுவதும் தவறு. ‘தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு’ என்று கவிமணி உள்ளதை உள்ளபடி சொன்னதற்கும் பெயர் உண்டு: இயல்பு நவிற்சி அணி.

எதுகை, மோனையை அணி என்று எழுத வேண்டாம். அவை தொடை (எழுத்துகள் ஒத்துவரத் தொடுப்பது), செய்யுள் இலக்கணமான யாப்பில் வருபவை. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒத்துவர வேண்டும். பட்டு, கட்டு எதுகை. பட்டு, பாட்டு எதுகை ஆகாது. மோனையில் பிள்ளைகள் செய்வது இதற்கு நேர்மாறு: முதலெழுத்தாக அதே எழுத்து வந்தால்தான் மோனை என்று கறாராக இருந்து, கிடைக்கிற மோனையையும் விட்டுவிடுகிறார்கள். அ, ஆ, ஐ, ஔ நான்கும் ஓரினம். ச வந்த இடத்துக்குத் த வரலாம், ஞ வந்தால் ந, ம வந்தால் வ. முதல் குறளின் முதல் அடியிலேயே ‘அகர’, ‘ஆதி’ என்று மோனை இருக்கிறது. அதைத் தாண்டிப்போய், அடுத்த அடியின் ‘பகவன்’ தரும் எதுகையை மட்டும் எழுதிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.