பழைய காரின் ஸ்டீயரிங் பாக்ஸ்: கழற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஸ்டீயரிங் வீலின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றுவது ஸ்டீயரிங் பாக்ஸ். அதைக் கழற்ற வேண்டிய காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். ஆயில் ஒழுகும், அல்லது ஸ்டீயரிங் வீலில் ஆட்டம் கூடியிருக்கும். ஆனால் கழற்றுகிற விதம் தப்பானால் நன்றாக இருந்த பாகங்களும் சேர்ந்து கெட்டுவிடும். மாற்றுப் பாகம் லேசில் கிடைக்காத வண்டியில் இது பெரிய இழப்பு.

அதிகம் சேதமாவது பிட்மேன் ஆர்மை, அதாவது பாக்ஸின் அசைவைச் சக்கரங்களுக்குப் போகும் கம்பிகளுக்குக் கடத்தும் கையை, கழற்றும் இடத்தில்தான். பாக்ஸிலிருந்து வெளியே நீளும் ஷாஃப்ட்டின் முனை கூம்பாக, பல் வெட்டி இருக்கும். அதன்மேல் ஆர்மை ஏற்றி, பெரிய நட்டால் இறுக்கியிருப்பார்கள். பல வருஷம் கழித்து நட்டைத் தளர்த்தினாலும் ஆர்ம் அசையாது. உடனே கை சுத்தியலுக்குப் போகும். அங்கேதான் நிறுத்த வேண்டும். ஷாஃப்ட் முனையில் விழும் அடி பாக்ஸுக்குள் இறங்குகிறது. மூடி விரியலாம், அட்ஜஸ்டர் ஸ்க்ரூ கெடலாம், பேரிங் ஓடும் பாதையில் நுண்ணிய பள்ளம் பதியலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எல்லாம் பூட்டி வண்டியை எடுத்த பிறகுதான் வீலைத் திருப்பும்போது கரகரவென்று கைக்குத் தெரியும்.

ஆர்மை இழுத்துக் கழற்றுவதற்கென்றே உள்ள கருவியான பிட்மேன் புல்லரைப் பயன்படுத்துங்கள். இரண்டு கால் புல்லர் வழுக்கித் தெறிக்கும். நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரை விட்டு வையுங்கள், ஆர்ம் திடீரென்று விடுபட்டாலும் பாய்ந்து வராது. துரு இளக்கும் எண்ணெய் அடித்து, புல்லரை இறுக்கி, அப்படியே ஓர் இரவு விடுங்கள். காலையில் இன்னும் கொஞ்சம் இறுக்கினால் பெரும்பாலும் 'டக்' என்று விடும். கேஸ் வைத்துச் சூடேற்றுவது எனக்குச் சம்மதமில்லை. ஆயில் சீல் கருகும், கடினப்படுத்திய ஷாஃப்ட் தன் உறுதியை இழக்கும்.

ஸ்டீயரிங் வீலுக்கும் இதே கதைதான். நட்டைக் கழற்றி வைத்துவிட்டு வீலைப் பிடித்து இழுத்தால், அது விடும் நேரத்தில் முகத்தில் அடிக்கும். வீலிலிருந்து பாக்ஸுக்குப் போகும் தண்டின் முனையில் தட்டுவது அதைவிட மோசம். அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் தயாரான கார்களில், மோதலின்போது ஓட்டுநரின் நெஞ்சைக் காக்கும் ஸ்டீயரிங் அமைப்பு கட்டாயமானது. இவற்றில் பலவற்றின் தண்டு, மோதினால் உள்ளே மடங்கும்படி பிளாஸ்டிக் முளைகளால் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். சுத்தியல் அடிக்கே அந்த முளைகள் அறுந்துவிடும், அப்புறம் தண்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை. டேஷ்போர்டிலிருந்து இறக்கிய தண்டின்மேல் சாய்ந்து எழுந்திருப்பதும் கூடாது.

அதற்கு முந்தைய கார்கள் பலவற்றில் வேறு சிக்கல். தண்டும் பாக்ஸும் ஒரே துண்டு, நடுவில் இணைப்பே இருக்காது. எங்கே கழலும் என்று தேடி, கடைசியில் தண்டை அறுத்தவர்கள் உண்டு. முதல் போல்ட்டில் கை வைக்கும் முன்பே அந்த நீளத் துண்டு எந்த வழியாக வெளியே வரும் என்று பாருங்கள். சிலவற்றில் ரேடியேட்டரையோ கிரில்லையோ கழற்ற வேண்டியிருக்கும். ஹாரன் ஒயர் தண்டின் நடுவே ஓடும் மெல்லிய குழாய் வழியாக பாக்ஸின் அடிமுனைக்கு வரலாம். முதலில் பேட்டரியைக் கழற்றி, அங்கே ஒயரை விடுவியுங்கள். அப்படிச் செய்யாமல் மேலிருந்து இழுத்தால் அறுந்துவிடும். அந்த முனை நட்டைத் திறந்தால் ஆயில் கொட்டும், கீழே தட்டு வையுங்கள்.

அடையாளம் வைக்காமல் கழற்றுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. சக்கரங்களை நேராக வைத்து, வீலிலும் தண்டிலும், ஆர்மிலும் ஷாஃப்ட்டிலும் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் புள்ளி குத்துங்கள். பெயிண்ட் போதாது, கழுவும்போது போய்விடும். ஒரு பல் மாறினாலே வீல் கோணலாக நிற்கும். ஆர்மைக் கழற்றிய பாக்ஸின் தண்டை, 'சும்மா பார்க்கலாமே' என்று கடைசி வரை வேகமாகச் சுழற்றி முட்ட வைக்காதீர்கள். உள்ளே சின்ன எஃகுக் குண்டுகள் ஓடும் வகை பாக்ஸில் அவற்றின் வழிகாட்டிக் குழாய் சேதமாகும்.

பாக்ஸுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) இருந்தால், எந்த போல்ட்டில் எத்தனை என்று எழுதி வையுங்கள். தண்டின் கோணத்தைச் சரியாக நிறுத்துவது அவைதான். இறங்கியதும் சேசிஸைத் துடைத்து, போல்ட் துளைகளைச் சுற்றி விளக்கடித்துப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே பாக்ஸை ஏற்ற வேண்டும்.